அம்பேத்கர் எல்லா வீட்டிலும் பிறக்கட்டும்

தரங்கம்பாடி, பொறையாறு, செம்பனார்கோயில் வட்டாரத்தில் நம் தெருக்களில் அம்பேத்கர் என்ற பெயரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்பேத்குமார், அம்பேத்ராஜன், பீமாராவ் என்றும் பெயர்கள் உண்டு. பெயர் வைத்த வீட்டாரிடம் அவ்வப்போது ஒரு கேள்வி வருகிறது. “ஏம்ப்பா, அம்பேத்கருங்கிறது அவங்க குடும்பப் பேராச்சே. அதைப் போய் புள்ளைக்குப் பேரா வைக்கலாமா? பீமாராவ்தானே அவரு பேரு?” விவரம் தெரிந்தவர் போலக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு நாம் விவரமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு முதற்பெயராக வைப்பது தமிழ்நாட்டில் புதிதல்ல. காந்தி குடும்பப் பெயர். நேரு குடும்பப் பெயர். போஸ், தாகூர், பட்டேல், கென்னடி, லிங்கன், மார்க்ஸ் எல்லாமே குடும்பப் பெயர்கள்தான். காந்தி, நேரு என்ற பெயருடையவர்கள் இங்கே அமைச்சர்களாகவே இருந்திருக்கிறார்கள். 1953 மார்ச்சில் பிறந்த கலைஞரின் மகனுக்கு அந்த நாட்களில் மறைந்த சோவியத் தலைவரின் பெயர் வைக்கப்பட்டது. ஸ்டாலின் என்பது அந்தத் தலைவர் அரசியலுக்காகத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். லெனினும் அப்படித்தான், அவருடைய குடும்பப் பெயர் உல்யானவ். டெல்டாவில் செங்கொடி பறந்த ஊர்களில் லெனின்களும் ஸ்டாலின்களும் ஏராளம். அவர்கள் யாரிடமும் ‘இது முதற்பெயரா, குடும்பப் பெயரா’ என்று எவரும் விசாரித்ததில்லை. அம்பேத்கர் என்று வைக்கும்போது மட்டும் இலக்கணம் நினைவுக்கு வருகிறது.

எங்கே சாதி உதிர்ந்தது, எங்கே ஏறியது

காந்தி என்ற சொல்லுக்குக் குஜராத்தியில் மளிகைக்காரர் என்ற பொருள் உண்டு. தம் குடும்பம் பனியா சாதி, முன்னோர்கள் மளிகைக்காரர்கள் என்று தன்வரலாற்றில் காந்தியே எழுதியிருக்கிறார். ஆக, சொந்த மண்ணில் குலத்தையும் தொழிலையும் காட்டிய பெயர் அது. தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு குழந்தையின் முதற்பெயர் ஆனதும் அதிலிருந்த சாதி உதிர்ந்துவிட்டது. இங்கே காந்தி என்ற பெயருள்ளவர் எந்தச் சாதியும் ஆகலாம்.

அம்பேத்கர் என்ற பெயருக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அண்ணலின் தந்தை ராம்ஜி மாலோஜி சக்பால். பூர்விக ஊர் ரத்னகிரி மாவட்டத்து அம்படவே. மராத்தியில் ‘கர்’ என்றால் அந்த ஊரைச் சேர்ந்தவர். நாம் ‘பொறையாத்துக்காரர்’ என்று சொல்வதைப்போல. மங்கேஷி என்ற ஊரை வைத்து மங்கேஷ்கர் வந்ததும் இதே வழியில்தான். ஊரை வைத்துப் பள்ளியில் பதிவான பெயர் பிறகு அம்பேத்கர் ஆனது. தம்மிடம் அன்பு காட்டிய ஆசிரியர் ஒருவரின் பெயரை அவர் ஏற்றார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஊர்ப்பெயர் என்றாலும் ஆசிரியர் பெயர் என்றாலும் அது மகர் என்ற சாதியைச் சொல்லும் பெயர் அல்ல.

அப்படிப்பட்ட பெயரைத் தமிழ்நாட்டில் ஒருவர் சொன்னால் கேட்பவர் மனதுக்குள் உடனே ஒரு தெருவைக் குறித்துக்கொள்கிறார். சாதியைச் சுமந்து வந்த காந்தி இங்கே பொதுப்பெயர் ஆனது. சாதி இல்லாமல் வந்த அம்பேத்கர் இங்கே சாதிப்பெயர் ஆக்கப்பட்டது. காரணம் எளிது. காந்தி என்று எல்லா வீட்டிலும் பெயர் வைத்தார்கள். அம்பேத்கர் என்று நம் வீடுகளில் மட்டுமே வைக்கிறோம். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவருடைய பெயரை நாட்டுக்குப் பொதுவான பெயராகப் பார்க்க மறுத்துவிட்டு, ‘இது குடும்பப் பெயராச்சே’ என்று நம்மிடம் வந்து கேட்பதில் என்ன நியாயம்?

பெயர் நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம்

நான்காம் வருணத்தாருக்கு இழிவு தோன்றும்படி பெயர் வைக்க வேண்டும் என்று மனுநூல் விதிக்கிறது. வருணத்துக்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்? குப்பன், பிச்சை போன்ற பெயர்கள் பிள்ளை தங்காத வீடுகளில் எல்லாச் சாதியிலும் வைக்கப்பட்டவைதான்; அவற்றை நாம் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் பண்ணையில் நம் பாட்டன்மாருக்கு நல்ல பெயர் இருந்தும், அது கூப்பிடும் வாயில் ‘டேய்’ என்றே தேய்ந்துபோனது. பண்ணையார் வீட்டுப் பேரப்பிள்ளையும் எழுபது வயது முதியவரை அப்படிக் கூப்பிட்ட காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அதனால்தான் நம் முன்னோர்கள் பெயருக்காகவும் போராடினார்கள். காத்தவராயன் என்று பிறந்தவர் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். பறையர், பஞ்சமர் என்று எழுதிய அரசுப் பதிவுகளில் ஆதிதிராவிடர் என்று எழுதும்படி 1922-இல் ஆணை வந்ததற்கு எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் எழுப்பிய குரல் காரணம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பிற்காலத்தில் தொல்.திருமாவளவன் தம் தந்தை இராமசாமியின் பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றினார். மகன் தந்தைக்கு வைத்த பெயரிலிருந்து முன்னெழுத்து பிறந்தது.

கடல் கடந்தும் இதற்கு இணை உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டனுக்குப் பள்ளிக்குப் போனபோது புக்கர் என்ற ஒற்றைப் பெயர்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்து, ஆசிரியர் கேட்டபோது வாஷிங்டன் என்று தாமே சேர்த்துச் சொன்னார். நாட்டின் முதல் குடியரசுத் தலைவரின் குடும்பப் பெயரை, அடிமையாகப் பிறந்த ஒரு குழந்தை தனக்கு எடுத்துக்கொண்டது. அதில் அறியாமை ஏதுமில்லை. ‘இந்த நாடு எனக்கும் சொந்தம்’ என்ற அறிவிப்பு இருந்தது. நம் வீட்டு அம்பேத்கர்களும் அந்த அறிவிப்புத்தான்.

பெயர் மட்டும் போதுமா

போதாது என்பதற்குத் தரங்கம்பாடியே சாட்சி. சீகன்பால்கு 1706-இல் இங்கு வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் டேனியர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுக்குப் புதுப் பெயர் கிடைத்தது. ஆனாலும் சபைக்குள் சாதி தொடர்ந்தது. பறையர் குலத்தில் பிறந்த இராஜநாயக்கன் தஞ்சைப் பகுதியில் பல ஆண்டுகள் உழைத்த உபதேசியார். அவரைக் குருவாக்கும் பேச்சு எழுந்தபோது, அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டோம் என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மறுத்தார்கள். அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். பெயர் மாறியது, பந்தி மாறவில்லை.

அண்ணலும் இதை எழுதியிருக்கிறார். தீண்டப்படாதவர் வேறு பெயரைச் சொன்னாலும் எதிரே இருப்பவர் அடுத்தடுத்துக் கேட்டு அடிவரை தோண்டுகிறார் என்பது அவர் கண்ட உண்மை. இன்றைக்கும் ‘எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்’ என்ற கேள்விகள் அதற்குத்தான். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்ததை நாம் வரவேற்றது, முகவரியும் ஒரு பெயர் என்பதால்தான்.

இதையெல்லாம் பார்த்துத்தான் நம் இளம் பெற்றோர் பலர் இப்போது சாதி கண்டுபிடிக்க முடியாத பெயர்களைத் தேடுகிறார்கள். வாடகை வீடு கிடைக்க வேண்டும், நேர்முகத் தேர்வில் பெயரைப் பார்த்து முகம் மாறக் கூடாது என்ற கவலை பொய்யானதல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களில் தலித் குடும்பப் பெயர் இருந்தவற்றுக்கு உயர்சாதிப் பெயர் இருந்தவற்றைவிடக் குறைவாகவே தனியார் நிறுவனங்களின் அழைப்பு வந்தது. அந்தப் பெற்றோரை நாம் குறை சொல்ல மாட்டோம். பிள்ளையின் தோளில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதைப் பெற்றவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் பயந்து ஒதுங்கியதால் ஒரு பெயர் நம் தெருக்களிலிருந்தும் மறைந்துபோனால், பிறகு அது சிலையில் மட்டும்தான் இருக்கும். சிலைக்கே கூண்டு போட்டிருக்கும் நாட்டில் பெயராவது வெளியே நடமாட வேண்டும்.

பதிவில் கவனம்

எந்தப் பெயரை வைத்தாலும் ஒன்றில் கவனம் தேவை. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். ஆகவே ‘பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பழைய வழக்கம் இனி உதவாது. சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து என்று இருந்தால் அலைய வேண்டியது நாம்தான்.

முன்னெழுத்தையும் யோசித்து எழுதுங்கள். டெல்டா பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறவர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்படுத்தியபோது நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தக் கவலை புரிந்தது. முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுவதே இங்கே வழக்கம். இதில் ஓர் அழகும் இருக்கிறது. அம்பேத்கர் என்பவரின் மகள் அ.மீனாம்பாள் பாஸ்போர்ட் எடுத்தால், விமான நிலையத்தில் அவளை ‘மிஸ் அம்பேத்கர்’ என்று கூப்பிடுவார்கள். மராட்டியத்தில் குடும்பப் பெயராக இருந்தது, தமிழ்நாட்டில் முதற்பெயராகி, மகளுக்கு முன்னெழுத்தாகி, மறுபடியும் குடும்பப் பெயராகிறது. இந்தக் குடும்பத்துக்கு இரத்த உறவு தேவைப்படவில்லை.

தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவதைப் பின்தங்கிய வழக்கம் என்று நினைக்கவும் வேண்டாம். தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர்களின் நாட்டிலும் ஹான்ஸின் மகன் ஹான்சன் என்றுதான் வெகுகாலம் வழங்கியது. 1828-இல் அரசாணை போட்டுத்தான் நிலையான குடும்பப் பெயருக்கு மாறச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாதிப் பட்டத்தைச் சுமக்காத நம் முன்னெழுத்து முறை தமிழ்நாட்டின் சொத்து. சுவரொட்டியிலும் சமூக ஊடகத்திலும் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் திரும்பி வரும் இந்தக் காலத்தில் அதைக் காப்பது எல்லோருக்கும் கடமை.

எனவே, கேள்வி கேட்கும் நண்பர்களுக்கு நம் பதில் ஒரு வேண்டுகோள்தான். அம்பேத்கர் என்பது சாதிப்பெயர் போல ஒலிப்பது நாங்கள் வைப்பதால் அல்ல, நீங்கள் வைக்காததால். காந்தியையும் நேருவையும் நாங்கள் எங்கள் வீடுகளில் வளர்த்தோம். உங்கள் வீட்டில் அடுத்து பிறக்கும் குழந்தைக்கு, மகனானாலும் மகளானாலும், அம்பேத்கர் என்று பெயர் வையுங்கள். குடியானவர் தெருவிலும் கடைத்தெருவிலும் அந்தப் பெயரில் இரண்டு பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது அம்பேத்கர் என்ற பெயரை வைத்து எந்தப் பிள்ளையின் சாதியையும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.