நின்று கெடும் யந்திரம்

எருது உழுது களைக்கும். இரவில் வைக்கோல் தின்று, தொட்டித் தண்ணீரைக் குடித்து, விடியலில் மறுபடியும் எழுந்து நிற்கும். பசித்தால் கத்தும், காலில் முள் தைத்தால் நொண்டும். யந்திரமோ கத்தாது, நொண்டவும் நொண்டாது. தனக்கு நேர்ந்த குறைகளையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு மௌனமாயிருந்துவிட்டு, நமக்கு மிகவும் வேண்டிய தினமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். சென்ற வருஷம் ஐப்பசியில் நமது சித்தையன்கோட்டையில் இதைக் கண்ணாரக் கண்டோம். அந்த வருத்தத்தின் மேல்தான் இந்த வாரம் யந்திரக் கலப்பையைப் பற்றி எழுத நேர்ந்தது.

மேற்கே பழனி மலைச் சாரலில் மழை பிடித்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால், நம் ஊரில் ஒருவரோடொருவர் நின்று பேசவும் நேரமிராது. வரப்பு வெட்டுவாரும், நாற்றங்கால் பார்ப்பாரும், உழவுக்கு ஆள் தேடுவாருமாக ஊரே வயலில் இருக்கும். அத்தகைய ஒரு காலை வேளையில், நம்மிடம் கணக்குப் படித்த பிள்ளை ஒருவன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றான். தகப்பனார் இல்லாத வீடு. தாயாரும் ஒரு தங்கையும் உண்டு. சொந்த நிலம் ஒன்றரை ஏக்கர். மூன்று வருஷங்களுக்கு முன் கடன் பெற்று ஒரு பவர் டில்லர் வாங்கியிருந்தான். தன் வயலை உழுவதோடு, அக்கம்பக்கத்து வயல்களையும் வாடகைக்கு உழுது, வரும் பணத்தில் தவணை கட்டுவது அவனுடைய ஏற்பாடு.

"ஸார், வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது. சித்திரையில் ஓட்டினபோது நன்றாய்த்தான் ஓடியது. அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை" என்றான்.

ஐந்து நாள் காத்திருந்து அழைத்து வந்த மெக்கானிக் யந்திரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தொடாமல் விட்டதுதான் தம்பி கெட்டது" என்றார். அரைத் தொட்டி டீசலின் அடியில் தண்ணீர் தங்கியிருந்தது. காற்று வடிகட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. கியர் பெட்டியின் எண்ணெய், போன வருஷத்துச் சேற்றுத் தண்ணீர் கலந்து மோர் போல வெளுத்திருந்தது. சாமான்கள் வந்து, பழுது தீர்ந்து, வண்டி கிளம்பும்போது பதினொரு நாள் போய்விட்டது. மழை யாருக்காகக் காத்திருக்கும்? வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் வேறு வண்டியைத் தேடிக்கொண்டார்கள். அந்தப் பருவத்துத் தவணையைக் கட்டியது யந்திரம் அல்ல. அந்த அம்மாளின் காதுத் தோடு.

இதைக் கேட்ட பெரியவர் ஒருவர், "மாடு இருந்தால் இந்தக் கதி வருமா?" என்றார். அதைத் தள்ளிவிடுவதற்கில்லை. காந்தியடிகளின் வழிநின்ற பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, டிராக்டரை ஒப்புக்கொள்ளாதவர். எண்ணெய்க்கு வெளியாரை எதிர்பார்த்து நிற்பது, நிலத்துக்குச் சாணம் தராதது என்பன அவர் கண்ட குறைகள். நம்முடைய மதுரைச் சீமையிலேயே, தே. கல்லுப்பட்டி ஆசிரமத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1960-இல் மறைந்த அப்பெரியாரின் கேள்விகள் இன்றும் கேள்விகளாகவே நிற்கின்றன. ஆனால் ஒன்றரை ஏக்கர்க்காரன் இன்று ஒரு ஜோடி உழவு மாட்டை வருஷம் முழுதும் கட்டித் தீனி போடுவது எளிதன்று. ஏர் பிடிக்கும் ஆளும் அருமையாகிவிட்டார். யந்திரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. எண்ணெய்க்கும் சாமானுக்கும் பிறரை நம்பியிருப்பது போதாதென்று, அறியாமையினாலும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டுமா என்பதே நம் கேள்வி. தன் கருவியைத் தானே பேணத் தெரிந்திருப்பதும் சுதேசியத்தில் சேர்ந்ததுதான்.

இந்தச் சிறு யந்திரத்தின் பூர்வோத்தரம் சுவையானது. 1912-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் கில்கண்ட்ரா என்னும் ஊரில், ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்ற விவசாயி மகன், மண்ணைக் கொழுவால் கீறுவதற்குப் பதில் சுழலும் கத்திகளால் கொத்திப் பார்த்தான். அமெரிக்காவில் பெஞ்சமின் கிரேவ்லி என்னும் புகைப்படக்காரர், தோட்டத்துக்குள் கையால் பிடித்து நடத்தக்கூடிய மோட்டார்க் கலப்பை ஒன்றுக்கு 1916-இல் உரிமை பெற்றார். சிறு வயல்கள் மிகுந்த ஜப்பான் தேசம் இதைத் தன் சேற்று நிலத்துக்குத் தக்கபடி வளர்த்தது. நம் தேசத்தில் 1967-இல் பெங்களூரில் தொடங்கிய வி. எஸ். டி. கம்பெனியும், 1973-இல் கேரள அரசு நிறுவிய காம்கோவும் ஜப்பானியர் துணையோடு பவர் டில்லர் செய்யத் தொடங்கின. பெரிய டிராக்டர் திரும்பவும் இடமில்லாத பாத்திகளுக்கென்று பிறந்த கருவி இது. அதனால் இதைப் பேணும் முறையும் நம் பருவங்களை ஒட்டியே அமைய வேண்டும்.

முதலில் சேற்றுழவைப் பார்ப்போம். புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகை வரையில் யந்திரத்துக்கு இதுவே கடும் சோதனை. தொளியில் ரப்பர்ச் சக்கரம் வழுக்கும். ஆகையால் கூண்டு போன்ற இரும்புச் சக்கரத்தை மாட்டுகிறோம். மாட்டியபடியே தார் ரோட்டில் ஓட்டிப் போகிறவர்கள் ரோட்டையும் கெடுக்கிறார்கள், கியரையும் உலுக்குகிறார்கள். வயலை விட்டு ஏறியதும், சேறு காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும். கழுவும்போது சூடான எஞ்சின் மேலும், காற்று வடிகட்டியின் வாயிலும் தண்ணீரைப் பீய்ச்சலாகாது. சுழல் கத்திகள் கோத்த தண்டின் இரு முனைகளிலும் வைக்கோலும் புல்லும் கயிறு போல் சுற்றிக்கொள்ளும்; அதை அன்றன்றே அறுத்தெடுக்காவிட்டால் உள்ளேயிருக்கும் எண்ணெய்த் தடுப்பு வளையம் தேய்ந்து, சேற்றுத் தண்ணீர் கியர் பெட்டிக்குள் புகும். நம் பிள்ளையின் வண்டிக்கு நேர்ந்தது இதுவே. பருவம் முடிந்ததும் கியர் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து, வெளுத்திருந்தால் உடனே மாற்றிவிடுக.

மார்கழி, தை மாதங்களில் சுழல் கலப்பையைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மாட்டுவார்கள். எருவும் நெல் மூட்டையும் போகும்போது பிரேக்கையும் பின்விளக்கையும் பார்த்துக்கொள்வது முதல் கடமை. கழற்றி வைத்த கத்திகளைத் துடைத்துப் பழைய எண்ணெய் பூசி வைக்க வேண்டும். கத்திகளில் இடப்பக்கம் வளைந்தவை, வலப்பக்கம் வளைந்தவை என்று இருவகை உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் படும்படி ஒரு வரிசையில் அவற்றைக் கோத்திருக்கிறார்கள். வரிசை தெரியாமல் மாட்டினால் வண்டி துள்ளும், கை நோகும். கழற்றுமுன் ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொள்வது நலம்.

பங்குனி, சித்திரையில் கோடை உழவு. இப்பொழுது பகை சேறல்ல, புழுதி. தென்னந்தோப்புக்குள் ஓட்டும்போது எழும் புழுதியை எஞ்சினும் நம்மைப் போலவே மூச்சில் இழுக்கிறது. எண்ணெயில் தோய்ந்து காற்றை வடிகட்டும் அமைப்பைத் தினந்தோறும் திறந்து பார்த்து, எண்ணெய் கலங்கியிருந்தால் மாற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். செய்யாது விட்டால் சிலிண்டரே தேய்ந்துபோகும். இறுகிய நிலத்தை ஒரே சாலில் ஆழ உழ நினைக்காமல், முதலில் மேலாகவும் பிறகு ஆழமாகவும் இரு தடவை ஓட்டுக. பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு விரற்கடை அமுங்க வேண்டும். அதிகம் அமுங்கினால் தளர்ச்சி, அமுங்கவே இல்லையென்றால் மிகை இறுக்கம்.

இனி, யாவரும் மறக்கும் காலத்துக்கு வருகிறோம்: வேலையில்லாத காலம். யந்திரம் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். சில வாரங்கள்தான் ஓய்வு என்றால், பதினைந்து நாளுக்கொரு முறை காற்றோட்டமான இடத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டால் போதும். மூடிய கொட்டகைக்குள் ஓடவிடலாகாது. அந்தப் புகையில் மணமில்லாத நஞ்சு உண்டு. இரண்டு மூன்று மாதம் நிற்கும் என்றால் முறையாகப் படுக்க வைக்க வேண்டும். எஞ்சின் வெதுவெதுப்பாயிருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றுக. குளிர்விக்கும் தண்ணீரை வடித்துவிடுக. டீசல் தொட்டியை விளிம்பு வரை நிரப்புக. பாதி காலியாயிருந்தால், உள்ளே இருக்கும் காற்று இரவுக் குளிரில் வியர்த்து, அந்தத் தண்ணீர் அடியில் இறங்கும். களையெடுக்கும் சிறு பெட்ரோல் யந்திரத்துக்கோ இதற்கு நேர்மாறான விதி: தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட வேண்டும். பெட்ரோல் நாள்பட்டால் பிசின் போலாகித் துவாரங்களை அடைக்கும். இப்பொழுது அதில் கலந்து விற்கும் எதனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். டீசலை நிரப்பு, பெட்ரோலை வடி — இந்த ஒரு வரியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் தகும்.

பிறகு எஞ்சினின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, இறுகித் தடுக்கும் இடத்தில் நிறுத்துக. வால்வுகள் மூடி நிற்கும் இடம் அது. ஈரம் உள்ளே புகாது. பெல்ட்டைத் தளர்த்தி, டயர் மண்ணில் படாதபடி கட்டை கொடுத்து, புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைத்து, மேலே மூடி வைக்கலாம். துணி அடைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுவது நல்லது. ஆடி பிறந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்து ஓட்டிப் பார்த்துவிட்டால், பழுது தெரிந்தாலும் அதைத் தீர்க்க இரண்டு மாதம் கையிலிருக்கும்.

யந்திரத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, அதைப் பிடிக்கும் கையைப் பற்றிச் சொல்லாமலிருக்கலாகாது. சுழல் கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னோக்கி நடத்துவது கால்களைக் கத்திக்குக் கொடுப்பதாகும். சுற்றிய வைக்கோலை எடுக்க எஞ்சினை நிறுத்திய பிறகே குனிய வேண்டும். தொங்கும் துண்டும் தழைந்த வேட்டியும் அங்கே ஆகா. மற்றொன்று, பழகினவர்களும் ஏமாறும் விஷயம்: சமநிலத்தில் இடக் கைப்பிடியின் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான சரிவில் இறங்கும்போதோ, விடுபட்ட சக்கரம் வேகமாக உருண்டு, வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். சிறுமலை, ஆடலூர்ப் பக்கத்துச் சரிவுகளில் ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றிரண்டு ஏக்கர் மட்டும் உழுகிறவர்கள் சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையார் யந்திரங்களை வாடகைக்குத் தருகிறார்கள். வாங்குவோருக்கு மானியமும் உண்டு. ஆனால் மானியம் வாங்கும் நாளோடு முடிந்துவிடும். பராமரிப்போ வருஷம் முழுதும் தொடரும்.

நம் வீடுகளில் ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அன்றைக்கே எண்ணெயைப் பார்த்து, போல்ட்டுகளை முடுக்கினால் பூஜை முழுமையாகும். பூஜை வழக்கமில்லாத வீட்டாரும் மழைக்கு முன் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். இதை ஆண்பிள்ளைகள் காரியம் என்று விட்டுவிடாமல், வீட்டிலுள்ள சகோதரிகள் ஒரு நோட்டுப் புஸ்தகம் போட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். இன்று எத்தனை மணி ஓடிற்று, எண்ணெய் என்று மாற்றியது, அடுத்து என்று மாற்ற வேண்டும் என்ற மூன்றே கட்டங்கள் போதும். பால் கணக்கு எழுதுகிற கைக்கு இது பெரிதல்ல.

நம் பிள்ளையின் வீட்டில் தங்கை அந்த நோட்டை எழுதுகிறாள். சென்ற ஆடியில் அவ்வழியே போனபோது வாங்கிப் பார்த்தோம். வருகிற பருவத்துக்கு அண்ணனிடம் வாடகைக்குச் சொன்னவர்கள் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தாள். போன வருஷம் விட்டுப்போனவர்களில் இருவர் திரும்பி வந்திருந்தார்கள். தோடு இன்னும் மீளவில்லை. ஆடி மாதப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "இன்று வேலை இல்லை. கால் மணி நேரம் ஓட்டினோம்."

அதன் கீழே நம் வழக்கப்படி சிவப்பு மையில் சரி போட்டுவிட்டு வந்தோம்.