கணக்கு நோட்டும் கல்லூரிப் பிள்ளைகளும்

திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குப் போகிற வழியில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டில் டாக்டர் சவுந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் அதைத் தொடங்கினார்கள். அம்மையார் டி.வி.எஸ். குடும்பத்துச் செல்வ மகள். கணவரோ காந்தியடிகளின் சீடர். 1956ல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது. 1976ல் அது பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. அங்கே படிக்கிற மாணவர்கள் கிராமங்களில் சில நாள் தங்கி வர வேண்டும். அது பாடத்தில் சேர்ந்தது. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் பஸ் ஏறி விடுகிற காரியம் அல்ல. ஊரிலேயே உண்டு, உறங்கி, மக்களோடு பழக வேண்டும்.

இது நல்ல வழக்கம். மற்றக் கல்லூரிகளும் இதைப் பின்பற்றலாம். அப்படிப் போகிற பிள்ளைகள் கிராமத்தில் என்ன செய்ய வேண்டும்? தெருவைக் கூட்டலாம், மரம் நடலாம். ஆனால் அதற்கெல்லாம் முதலில் வேறு ஒரு வேலை இருக்கிறது. எட்டாவதோ பத்தாவதோ படித்து நின்றுவிட்ட ஏழை வாலிபர்களும் இளம் பெண்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு வரவு செலவுக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்தால் அதில் லாபமா, நஷ்டமா என்று பார்க்கக் கற்றுத் தர வேண்டும்.

"கணக்கா? அது எல்லாருக்கும் தெரியுமே!" என்று சிலர் சொல்லக் கூடும். தெரியுமா என்று பார்ப்போம்.

பூக்காரப் பெண்ணின் கணக்கு

நிலக்கோட்டை மல்லிகைக்குப் பேர் பெற்ற ஊர். அங்கே ஓர் இளம் பெண் பூ வாங்கிக் கட்டி விற்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். பூவுக்கு 400 ரூபாய். நாருக்கு 20 ரூபாய். டீயும் வடையும் 20 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆகவே அந்தச் செலவு இல்லை. ஆக மொத்தம் 440 ரூபாய். பூவை விற்றது 600 ரூபாய்க்கு. "இன்றைக்கு 160 ரூபாய் லாபம்" என்று அவள் நினைக்கிறாள்.

அந்த 600 ரூபாயில் 60 ரூபாய் கடன். "நாளைக்குத் தருகிறேன்" என்று இரண்டு வீட்டில் சொல்லி இருக்கிறார்கள். கைக்கு வந்த லாபம் 100 ரூபாய்தான். பூக் கட்ட அவளுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. கூட உட்கார்ந்து கட்டிய தாய்க்கும் மூன்று மணி நேரம். தெருவில் கூவி விற்றது நான்கு மணி நேரம். மொத்தம் பத்து மணி நேர உழைப்பு. மணிக்குப் பத்து ரூபாய் கூலி!

இது அவளுக்குத் தெரியாது. தாயின் உழைப்புக்கு விலை உண்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் என்ன செய்வாள்? பூத் தொழிலை விட்டு விடுவாள் என்று சொல்ல முடியாது. கடனுக்குக் கொடுப்பதை நிறுத்துவாள். முகூர்த்த நாளில் விலை ஏறும் என்று தெரிந்து முன்னதாகவே நாலு கல்யாண வீட்டில் பேசி வைப்பாள். மாலையாகக் கட்டினால் கூடுதலாகக் கிடைக்குமா என்று பார்ப்பாள். யோசிக்கத் தொடங்குவாள். அதற்குத்தான் கணக்கு.

இன்னொரு சங்கடமும் இப்போது சேர்ந்திருக்கிறது. பூக்கூடையின் ஓரத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. வாங்குகிறவர்கள் கைப்பேசியைக் காட்டிப் பணம் அனுப்பி விடுகிறார்கள். சுருக்குப் பையில் சில்லறை சேர்ந்தபோது கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. அதே கைப்பேசியில் "உடனே கடன்" என்று கூப்பிடுகிறவர்களும் வந்து விட்டார்கள்.

தண்டல் என்கிற தலைவலி

முதல் இல்லாதவன் தண்டல்காரனிடம் போகிறான். 10,000 ரூபாய் கடன். 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் தருகிறான். நாள்தோறும் 100 ரூபாய் கட்ட வேண்டும். நூறு நாளில் கடன் தீர்ந்து போகும்.

"பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. நூற்றுக்குப் பதினைந்துதானே!" என்று வாங்கினவன் சொல்லுகிறான். அது தவறு. அவன் கைக்கு வந்ததே 8,500தான். அதுவும் நூறு நாளும் அவனிடம் இருக்கவில்லை. மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கி விட்டான். ஐம்பதாவது நாளில் கடனில் பாதிக்கு மேல் அவனிடம் இல்லை. முறையாகக் கணக்குப் போட்டால் இது ஆண்டுக்கு நூற்றுக்கு 120க்கு மேல் வட்டி!

கந்து வட்டியைத் தடுக்க 2003ல் தமிழக அரசு சட்டமே செய்தது. சட்டம் இருக்கட்டும். வாங்குகிறவனுக்கு வட்டி எவ்வளவு என்று தெரிந்தால் அல்லவா அவன் வாயைத் திறப்பான்? ஒரு கல்லூரி மாணவன் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் இதை விளக்கி விடலாம்.

பாங்கியில் 2015 முதல் முத்ரா கடன் தருகிறார்கள். சிறு தொழிலுக்கு 50,000 ரூபாய் வரையில் ஈடு இல்லாமல் கிடைக்க வழி இருக்கிறது. வட்டி, தண்டல் வட்டியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் பாங்கி வாசற்படியை மிதிக்க ஏழைப் பையனுக்குக் கூச்சம். பாரத்தைப் பார்த்ததும் திரும்பி விடுகிறான். கூடவே படித்த பிள்ளை ஒருவன் போய் நின்றால் கதை வேறு.

மாணவர்கள் எழுதிய பட்டியல்

கல்லூரி ஆட்கள் கிராமத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வங்காள தேசத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1974ல் அங்கே கொடிய பஞ்சம். சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் முகம்மது யூனுஸ் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். பல்கலைக்கழகத்துக்கு அடுத்தே ஜோப்ரா என்ற கிராமம். மாணவர்களோடு அங்கே போய் வீடு வீடாக விசாரித்தார்.

ஒரு பெண் மூங்கில் முக்காலி செய்து கொண்டிருந்தாள். மூங்கில் வாங்க அவளிடம் 5 டாக்கா இல்லை. வியாபாரி கொடுத்தான். மாலையில் முக்காலியை அவனிடமே விற்க வேண்டும். அவன் சொன்னதுதான் விலை. நாள் முழுவதும் உழைத்து மிஞ்சியது அரை டாக்கா. இப்படி வியாபாரிகளிடம் மாட்டிக் கொண்டவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் எடுத்தார்கள். 42 பேர். அத்தனை பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட பணம் 856 டாக்கா; அன்றைய மதிப்பில் 27 டாலர்! யூனுஸ் தம் பையில் இருந்தே கொடுத்தார். இது நடந்தது 1976ல். பிறகு 1983ல் அது கிராமீன் பாங்கியாக வளர்ந்தது. 2006ல் யூனுசுக்கும் அந்த பாங்கிக்கும் சேர்த்து நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

எல்லாம் அந்தப் பட்டியலில் தொடங்கியது. அதை நம் மாணவர்களும் எழுதலாம்.

ஒன்று சொல்லி வைக்க வேண்டும். கடன் கொடுப்பதே சர்வ ரோக நிவாரணி என்று எண்ணிப் பலர் புறப்பட்டார்கள். சிறு கடன் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் மூன்று நாலு கடனைத் தலையில் கட்டின. 2010ல் ஆந்திராவில் அரசு அவசரச் சட்டம் போட வேண்டிய நிலை வந்தது. ஆகவே மாணவர்கள் கடனுக்கு ஆள் பிடிக்கிறவர்களாக ஆகி விடக் கூடாது. "இந்தக் கடன் உனக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைதான் கிராமத்துக்கு வேண்டும்.

ஆலைக்குப் போன பெண்கள்

திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் நூற்பு ஆலைகள் நிறைய. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பல ஆலைகளுக்கு ஏழைப் பெண்களை ஏஜெண்டுகள் அழைத்துப் போனார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகப் பணம். கல்யாணத்துக்கு ஆகும்! "சுமங்கலித் திட்டம்" என்று பேர். பேர் மங்களமாகத்தான் இருந்தது. நடுவில் உடம்பு கெட்டுத் திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதும் உண்டு.

அந்தப் பெண்களில் ஒருத்திக்கு வகுத்தல் கணக்கை இந்த விஷயத்தில் போட்டுக் காட்டி இருந்தால்? 36,000 ரூபாயை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,000 ரூபாய். அது பரிசு அல்ல. மாதந்தோறும் அவள் கூலியில் பிடித்து வைத்த பணம். அதை அவளே மாதாமாதம் நூற்றுக்கு 6 வட்டி தரும் தொடர் வைப்புக் கணக்கில் போட்டிருந்தால் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் வட்டியே கிடைத்திருக்கும். பணமும் அவள் பேரில் இருக்கும். நடுவில் நின்று விட்டாலும் யாரும் பறிக்க முடியாது.

தகப்பனார் கடனில் இருக்கும்போது பெண் என்ன செய்வாள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குத் தெரிந்ததால் வறுமை ஓடி விடாது. ஆனால் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடலாம். பெண் மட்டும் அல்ல, தகப்பனாரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுத் தாய்மார்கள் இந்தப் பாடத்தை முன்பே படித்து விட்டார்கள். 1989ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. கையெழுத்துப் போடத் தெரியாதிருந்தவர்கள் ரொக்கக் கணக்கு எழுதினார்கள். பாங்கி மானேஜரிடம் நேராகப் பேசினார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் அப்படி ஒரு குழு எங்கே?

பூட்டு என்ன விலை?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசினோம். பட்டறையில் வேலை செய்கிற பையனைக் கேட்டுப் பாருங்கள்: "தம்பி, இந்தப் பூட்டுக்கு அடக்க விலை என்ன?" தகப்பனாருக்குக் கிடைக்கும் பீஸ் கூலியைச் சொல்வான். இரும்பு எவ்வளவு, பித்தளை எவ்வளவு, அரம் போட எத்தனை மணி நேரம், கடையில் என்ன விலை என்று கேட்டால் விழிப்பான். அலிகாரில் இயந்திரம் செய்யும் மலிவுப் பூட்டோடு போட்டி போட வேண்டிய தொழிலில், அடக்க விலை தெரியாமல் இருந்தால் எப்படி?

இங்கே வணிகவியல் படிக்கும் மாணவனுக்கு ஒரு வருட வேலை இருக்கிறது. குறியீட்டைத் தன் சரக்கில் போட ஒருவர் விரும்பினால், தனியே விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தாலே புண்ணியம். பூட்டைப் பற்றி அவனும் நிறையத் தெரிந்துகொள்வான். பாடப் புத்தகத்தில் இருக்கிற அடக்க விலைக் கணக்கு பட்டறையில் புகையும் தூசியுமாக அவன் முன்னால் நிற்கும்.

இந்த வேலையில் வெளிநாட்டு மாணவர்களும் இறங்கி இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1975ல் தொடங்கிய மாணவர் இயக்கம் ஒன்று "எனாக்டஸ்" என்ற பேரில் இந்தியா உள்படப் பல தேசங்களில் நடக்கிறது. தமிழக அரசும் 2022ல் "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கி, கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தொழில் திறமை கற்பிக்கிறது. நல்லது. கற்றவர்கள் அடுத்த தெருவுக்கும் கொஞ்சம் கொடுக்கட்டும்.

காந்திகிராமத்துக்கும், திண்டுக்கல் நகரத்துக் கல்லூரிகளுக்கும் நாம் சொல்லும் யோசனை பெரிய செலவு பிடிப்பது அல்ல. கிராமத்தில் தங்குகிற சில நாளில் அறிமுகம் ஆகட்டும். அதோடு விட்டுவிடாமல் ஒரு மாணவர் ஒரு வாலிபரையோ பெண்ணையோ ஏற்றுக்கொண்டு, ஒரு வருடம் வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். நோட்டை அந்த வாலிபரே எழுத வேண்டும். மாணவர் எழுதிக் கொடுக்கக் கூடாது. பேரில் பாங்கிக் கணக்கு இல்லாவிட்டால் முதல் மாதமே அதைத் தொடங்க வேண்டும். 2014ல் வந்த ஜன்தன் கணக்குக்குக் கையில் ஒரு ரூபாயும் வேண்டாம். பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் பாங்கியும் அதே ஆண்டில் வழி செய்தது.

போகிற நேரத்தையும் கிராமத்தாரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கல்லூரி மணிப்படி காலை பத்து மணிக்குப் பூக்காரப் பெண் வீட்டுக்குப் போனால் அங்கே கதவு பூட்டிக் கிடக்கும். பட்டறைப் பையனும் அந்த நேரத்தில் அரமும் கையுமாக இருப்பான். விளக்கு வைத்த பிறகு போகட்டும்.