வாயை மூடிக்கொண்டும் வாழ்த்தலாம்



நம் தோட்டத்துத் திடலில் கபடி நடந்தால் நாம் என்ன செய்வோம்? "பிடி, விடாதே!" என்று தொண்டை வறளக் கத்துவோம். பந்து விளையாட்டு என்றால் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடுவோம். கேரம் பலகையைச் சுற்றி நின்றாலோ, ஆடுகிறவனைவிட நமக்குத்தான் அதிகம் தெரியும்! ரப்பர் காலத்திலிருந்து செம்பனைக் காலம் வரை நம்மோடு வந்த பழக்கம் இது. குற்றமில்லை. ஆனால், எல்லா ஆட்டத்துக்கும் இது பொருந்தாது என்பதை ஈப்போவில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது நம் பிள்ளைகள் கையில் படம் போட்ட அட்டைகளைப் பார்க்கிறீர்கள் அல்லவா? "சீட்டு விளையாடக் கற்றுக்கொண்டான்" என்று சில தாய்மார்கள் என்னிடம் கண் கலங்கியதுண்டு. பயப்பட வேண்டாம். மேஜிக் என்ற ஆட்டத்தை 1993-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கினார். போக்கிமோன் அட்டை ஆட்டம் 1996-இல் ஜப்பானில் வந்தது. இரண்டும் மூளைக்கு வேலை தரும் ஆட்டங்கள். மேஜிக் போட்டிகளில் பந்தயம் கட்டுவதற்குத் தடை உண்டு.

போக்கிமோனில் ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுத்த 60 அட்டைகளோடு வருவார்கள். அதில் 6 அட்டைகளைப் பரிசு அட்டைகளாகக் கவிழ்த்து வைப்பார்கள். தம் ஆறையும் முதலில் எடுத்தவர் வெற்றி பெறுவார். கையில் இருக்கும் அட்டை எதிராளிக்குத் தெரியாது. ஆட்டத்தின் உயிரே அந்த மறைவில்தான் இருக்கிறது. பார்க்கிறவர் வாய் திறந்தால் அந்த உயிர் போய்விடும்.

அன்று நான் செய்தது அதுதான்.

சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து மூன்று பிள்ளைகளை வேனில் அழைத்துச் சென்றிருந்தேன். கடை வீட்டு மாடியில் போட்டி. ஒரு பையனின் அட்டைகள், அவன் தாயார் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிய காசில் வாங்கியவை. எதிரே ஒரு சீனப் பையன். நம் பிள்ளையின் விரல் ஓர் அட்டைமேல் போய் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. "அதை வைக்காதே" என்று மெல்லச் சொல்லிவிட்டேன். தமிழில்தானே சொல்கிறோம், யாருக்குப் புரியப் போகிறது என்ற எண்ணம்!

சீனப் பையன் கையை உயர்த்தி நடுவரை அழைத்தான். "ஆசிரியர் என்ன சொன்னார்?" என்று அவர் நம் பையனை மலாயில் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, நான் சொன்னதை அப்படியே சொன்னான். பொய் சொல்லக் கூடாது என்று வகுப்பில் கற்றுக் கொடுத்தவன் நான்தானே! நடுவர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன்.

அவன் அந்த ஆட்டத்தில் வென்றான். ஆனால், வேனில் திரும்பி வரும்போது, "சார், நான் அதை வைக்கப் போகவில்லை. பக்கத்து அட்டையைத்தான் எடுக்க இருந்தேன். இனி யார் நம்புவார்கள்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அவன் சொந்த மூளையால் பெற்ற வெற்றியை நான் இரவல் வெற்றியாக ஆக்கிவிட்டேன்.

ஆகவே, பெற்றோர்களே, பார்க்கப் போகும்போது சிலவற்றை மனத்தில் வையுங்கள்.

மேசையை ஒட்டி நிற்காதீர்கள். இரண்டு பேர் கையும் தெரியும் இடத்தில் நின்றால் நம் முகமே காட்டிக் கொடுத்துவிடும். உதட்டைப் பிதுக்குவதும், "ச்சூ" கொட்டுவதும் பேச்சுக்குச் சமம். எந்த மொழியிலும் யோசனை சொல்லாதீர்கள். கைப்பேசியை ஒலிக்காமல் வையுங்கள். அட்டைகளைப் படம் பிடிக்காதீர்கள்.

தவறு நடப்பதைக் கண்டால் நடுவரிடம் சொல்லுங்கள், பிள்ளையிடம் சொல்லாதீர்கள். மேஜிக் விதிப்படி, சிறு போட்டிகளில் நடுவர் வரும்வரை ஆட்டத்தை நிறுத்தும்படி பார்வையாளர் கேட்கலாம். பெரிய போட்டிகளில் அதுவும் கூடாது. இன்னார் பார்க்க வேண்டாம் என்று நடுவர் வழியாகக் கேட்கவும் ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. அது பெற்ற தகப்பனாக இருந்தாலும் கோபிக்கக் கூடாது.

சதுரங்கத்திலும் இதே நியாயம்தான். பார்வையாளர் குறுக்கிட்டால் அவரை வெளியேற்ற நடுவருக்கு அதிகாரம் உண்டு. 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில், நம் சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதில் உலக வெற்றியாளர் ஆனாரே, அங்கே பார்வையாளர்கள் ஓசை புகாத கண்ணாடிக்கு இப்பால் இருந்துதான் பார்த்தார்கள். வென்று வெளியே வந்த மகன், காத்திருந்த தந்தையைக் கட்டிக்கொண்ட காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மகன் ஆடும்போது அந்தத் தந்தையால் செய்ய முடிந்தது காத்திருப்பது ஒன்றுதான்.

நாமும் காத்திருக்கப் பழகுவோம். பிள்ளை தோற்று வந்தால், "ஏன் அதை வைத்தாய்?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். "பசிக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனே பிறகு சொல்வான். எதிரே ஆடிய பிள்ளை வென்றிருந்தால் அதற்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள். அதற்கும் ஒரு தாய் காத்திருக்கிறாள்.

அந்தப் பையன் அடுத்த போட்டிக்கும் என்னை அழைத்தான். "சார், வாங்க. ஆனால் கதவுப் பக்கம் நில்லுங்கள்" என்றான். கதவுப் பக்கமே நின்றேன். அங்கிருந்து ஓர் அட்டைகூடத் தெரியவில்லை. அவன் முகம் மட்டும் தெரிந்தது. அது போதுமாயிருந்தது.