எங்கள் பெயரில் விழும் வாக்கு
வெதுருகுப்பம் மண்டல வாக்காளர்களின் கோரிக்கைச் சாசனம்

சித்தூர் மக்களவை உறுப்பினர் தக்குமள்ள பிரசாத ராவ் அவர்களுக்கும், இனி இந்தத் தொகுதியில் வாக்குக் கேட்டு வரப்போகும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும்:

நாங்கள் கங்காதர நெல்லூர் சட்டமன்றத் தொகுதிக்குள், சித்தூர் மக்களவைத் தொகுதியின் கீழ் வரும் மண்டலத்து மக்கள். எங்கள் வாக்கை வாங்கிக்கொண்டு டெல்லி போனவர் அங்கே எந்த மசோதாவை ஆதரித்தார், எதை எதிர்த்தார், எப்போது அவையில் இல்லை என்பது ஊரில் யாருக்கும் தெரிவதில்லை. இதை எந்த ஒருவர்மீதும் குற்றமாகச் சுமத்தவில்லை. கட்சி மாறினாலும் ஆள் மாறினாலும் மாறாத ஒரு வழக்கம் இனி மாற வேண்டும் என்கிறோம்.

மூன்று நிகழ்வுகளை நினைவூட்டுகிறோம். 2008 ஜூலை 22 அன்று மன்மோகன் சிங் அரசு கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் 275 பேர் ஆதரவாகவும் 256 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அன்று சித்தூர் எம்.பி.யாக இருந்த தெலுங்கு தேசத்தின் டி.கே. ஆதிகேசவுலு, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார். அதே ஆண்டு திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுத் தலைவரானார். இரண்டுக்கும் நாங்கள் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அப்படி வாக்களித்த காரணத்தைத் தொகுதி மக்கள் முன் நின்று விளக்கும் முறை ஒன்று இருந்திருந்தால், ஊகத்துக்கே இடமிருந்திருக்காது.

2014 பிப்ரவரி 18 அன்று எங்கள் ஆந்திர மாநிலத்தைப் பிரிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. நேரடி ஒளிபரப்பு நின்றுபோயிருந்தது. மசோதாவைக் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். தலைநகரையும் எல்லையையும் வேலைவாய்ப்பையும் மாற்றிப்போட்ட ஒரு சட்டத்தை நிறைவேற்றியபோது யார் ‘ஆம்’ என்றார், யார் ‘இல்லை’ என்றார் என்று பெயர்வாரிப் பட்டியல் கிடையாது. எங்கள் பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை.

பிறகு, எங்கள் எம்.பி.யாக இருந்து மறைந்த டாக்டர் என். சிவபிரசாத். ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு அவர் நாடாளுமன்ற வளாகத்தில் விதவிதமான வேடங்களில் வந்து போராடியதை நாடே பார்த்தது. அந்தத் துணிவை மதிக்கிறோம். அவருடைய வேடங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. பத்தாண்டில் அவர் போட்ட வாக்குகள் யாருக்கும் நினைவில்லை, ஏனென்றால் அவற்றை ஊருக்குச் சொன்னவர் யாருமில்லை.

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை இது. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்த 15 நாட்களுக்குள், பெயர் பதிவான ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் எங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார் அல்லது ஏன் அவையில் இல்லை என்பதை, ஓரிரு வரிக் காரணத்துடன் வெளியிட வேண்டும். மண்டல அலுவலகத்திலும் கிராமச் செயலகங்களிலும் அது ஒட்டப்பட வேண்டும். தெலுங்கில் மட்டும் போதாது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் முன்பிருந்தே இம்மண்ணில் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்காகத் தமிழிலும் வேண்டும். பிரிட்டன் நாடாளுமன்றம் 1836 முதல் பெயர்வாரி வாக்குப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. நம் மக்களவையின் விவாதப் பதிவுகளிலும் அது இருக்கிறது. ஆனால் அங்கே போய்த் தேடி எடுக்க எங்கள் மாந்தோப்பு விவசாயிக்கு வழியில்லை.

குரல் வாக்கெடுப்பில் யாருடைய வாக்கும் பதிவாகாது. ஆந்திரத்தையோ விவசாயத்தையோ தொடும் மசோதா வரும்போது, எங்கள் எம்.பி. எழுந்து நின்று பெயர் பதிவாகும் பிரிவு வாக்கெடுப்பைக் கேட்க வேண்டும். அவைத் தலைவர் மறுத்தால், கேட்டேன், மறுக்கப்பட்டது என்று எங்களுக்கு எழுதட்டும். அரசியல் சட்டத் திருத்தங்களுக்கு மட்டும் பெயர்ப் பதிவு தப்பாமல் நடக்கிறது: 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை 454 பேர் ஆதரித்தார்கள், 2 பேர் எதிர்த்தார்கள் என்று இன்று நாம் சொல்ல முடிகிறது. பட்ஜெட்டின்போது பெரும்பாலான துறைகளின் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றப்படுகின்றன. அங்கே பேச வாய்ப்பில்லாவிட்டால் கேள்வியாவது கேட்கலாம். 2025 சீசனில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை விழுந்து, ஆலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாகக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று மாநில அரசு நிர்ணயிக்க வேண்டி வந்ததை நாங்கள் மறக்கவில்லை. மா விலைக்கு மத்திய அரசின் சந்தைத் தலையீட்டு உதவி எவ்வளவு, எப்போது என்று அவையில் கேள்வி எழுப்பி, கிடைத்த பதிலையும் அதே தாளில் சேர்க்க வேண்டும்.

கொறடா உத்தரவு இருந்தது, மீறினால் பதவி போகும் என்று எம்.பி. சொல்லலாம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படித்தான் செய்கிறது. அந்தத் தண்டனை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிற்கட்டும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990லேயே பரிந்துரைத்தது. அதை ஆதரித்து எங்கள் எம்.பி. அவையில் பேச வேண்டும். சட்டம் மாறும்வரை, கட்சி சொன்னதால் வாக்களித்தேன் என்றால் அதையே எழுதித் தாருங்கள். அதுவும் எங்களுக்குத் தேவையான செய்திதான்.

வாக்கைத் தவிர, வகிக்கும் பொறுப்புகளும் இருக்கின்றன. எந்த நிலைக்குழுவில் உறுப்பினர், எத்தனை கூட்டத்துக்குப் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்ட ‘திஷா’ குழுவுக்கு எம்.பி.தான் தலைவர், அது காலாண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும். கூட்டத் தேதி முன்கூட்டியே மண்டலத்துக்குத் தெரிய வேண்டும், எடுத்த முடிவுகள் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் 15 சதவீதம் தலித் மக்கள் வாழும் பகுதிகளுக்குப் போக வேண்டும் என்பது விதி. 2009 தேர்தல் முதல் இது தனித்தொகுதி. எந்தக் காலனிக்கு எந்த வேலை, எவ்வளவு தொகை என்ற கணக்கு ஊர்வாரியாக வேண்டும்.

திருச்சானூரில் பிறந்த மா. அனந்தசயனம் அய்யங்கார், 1957இல் சித்தூரிலிருந்து தேர்வாகி, மக்களவையின் தலைவர் நாற்காலியில் அமர்ந்து வாக்குகளை எண்ணி அறிவித்தவர். அப்படிப்பட்ட தொகுதியில் இந்தக் கோரிக்கை புதிதாக ஒலிப்பதே எங்களுக்கு வருத்தம்.

அடுத்த கூட்டத்தொடரிலிருந்தே பட்டியல் தொடங்க வேண்டும். முதல் பட்டியலை எம்.பி. அவர்களே வெதுருகுப்பத்துக்கு வந்து வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த தேர்தலில் நிற்பவர்கள் வேட்புமனு தாக்கல் செய்யும் முன் இந்தச் சாசனத்தில் கையொப்பமிட்டுத் தர வேண்டும். இட்டவர் யார், இடாதவர் யார் என்பதை மண்டலத்தின் ஒவ்வொரு ஊரிலும் எழுதி வைப்போம்.

வெதுருகுப்பம் மண்டல வாக்காளர்கள்