மருந்தும் இறையருளே

நோயுற்றோர் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்று பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நோயைத் தந்த இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் தந்தே இருக்கிறான் என்பது அப்பெருமானாரின் போதனை. போதைக்கு அடிமையாதலும் ஒரு நோயே.

ஆயினும், ஹெராயினுக்கு அடிமையானவருக்கு மெதடோன் என்னும் மருந்தை அளிக்கும்போது, "ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா?" என்ற கேள்வி மறுவாழ்வுப் பணியாளர்களிடமிருந்தே எழுகிறது. கேட்போரை இகழ்தல் தகாது. அவருள் பலர் தாமே அப்படுகுழியில் வீழ்ந்து, மன உறுதியாலும் பிரார்த்தனையாலும் மீண்டவர்கள். தாம் கரையேறிய வழியையே பிறருக்கும் காட்டுகின்றனர். ஆனால், கரையேறியவரே நம்முன் நின்று சாட்சி பகர்கிறார். மூழ்கியவர் சாட்சி பகர வருவதில்லை. அவரையும் சேர்த்து எண்ணுவதே ஆராய்ச்சி.

ஹெராயினைச் சில வாரங்கள் விட்டிருப்பவரின் உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. விடுதியிலிருந்து வீடு திரும்பியவர் சபலத்தால் பழைய அளவை ஒரே முறை ஏற்றிக்கொண்டாலும் மூச்சு நின்றுவிடக்கூடும். மெதடோனோ உடலில் நெடுநேரம் தங்கி மெல்லச் செயற்படுவது. அதனைத் தக்க அளவில் நாளுக்கு ஒரு வேளை அருந்துபவர், மயக்கமும் நடுக்கமுமின்றித் தம் தொழிலைச் செய்யலாம். 1965-இல் நியூயார்க் மருத்துவர்களான வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் இச்சிகிச்சையின் பயனை உலகுக்கு அறிவித்தனர். இதில் நீடிப்போரிடையே மரணம் குறைவதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின. 2005-இல் உலகச் சுகாதார நிறுவனம் மெதடோனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

போதை ஹராம் என்னும் சட்டம் இதனால் தளர்ந்துவிடுமா? இல்லை. மயக்கத்தை நாடி உட்கொள்வது வேறு. உயிர் காக்க மருத்துவர் அளந்து தருவது வேறு. அளவு மீறினால் மெதடோனும் உயிரைப் பறிக்கும். எனவேதான் மேற்பார்வை தேவைப்படுகிறது.

மலேசியா 2005-இல் இச்சிகிச்சையைத் தொடங்கியது. பின்னர் 2010-இல் கோலாலம்பூர் அர்ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெதடோன் வழங்கப்பட்டது. தொழுகையும் நல்லுபதேசமும் மருந்தும் அங்கே ஒன்றோடொன்று பகைக்கவில்லை.

அன்பர்களே! மருந்து ஒன்றே போதும் என்பதன்று நம் வாதம். திருந்தி வாழ விழைபவருக்கு ஆறுதலும் வேலையும் உறவும் தேவை. ஆனால் அவற்றையெல்லாம் பெறுவதற்கு, முதலில் அவர் உயிரோடு இருக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். மருந்தைத் தடுத்துவிட்டு, மன உறுதியை மட்டும் உபதேசிப்பது முறையாகுமா? சிந்திப்போமாக!