கயானா பயணம்: எதற்கு அஞ்ச வேண்டும்?

தென் அமெரிக்காவின் கயானாவில் 2015இல் கடலடி எண்ணெய் கண்டறியப்பட்ட பின்னர், பிழைப்புத் தேடி அங்கே செல்வோர் பெருகியுள்ளனர். மகனையோ மருமகனையோ காண முதன்முறையாகப் புறப்படும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "அங்குள்ள மனிதர்கள் எப்படி?" என்பதே. என் பார்வையில் அஞ்ச வேண்டியது மனிதர்களுக்கு அல்ல. ஊரில் பழகியதை யோசிக்காமல் அங்கும் சுமந்து செல்வதற்குத்தான்.

1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் வழித்தோன்றல்களே இன்று அந்நாட்டின் பெரிய இனத்தவர். சென்னையிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரும் பூர்வகுடிகளும் சீனரும் உடன் வாழ்கின்றனர். முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவே; ஆயினும் ஹஜ்ஜுப் பெருநாள் அங்கே அரசு விடுமுறை. 2020இல் அதிபரான இர்ஃபான் அலி ஒரு முஸ்லிம். ஆட்சிமொழி ஆங்கிலம். பள்ளிவாசலுக்கோ ஹலால் உணவுக்கோ தவிக்க வேண்டியதில்லை.

ஆனால் கல்யாண வீட்டுக்குப் போவது போல் நகை அணிந்து விமானம் ஏறும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தலைநகர் ஜார்ஜ்டவுனில் வழிப்பறி உண்டு. தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்; இருட்டிய பின் நடந்து திரியாதீர்கள். அமெரிக்கா வழியாகச் செல்வோர், விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் அந்நாட்டு விசா பெற்றிருக்க வேண்டும். இதையறியாமல் மலிவான பயணச்சீட்டை வாங்கிவிடக் கூடாது.

எல்லாவற்றினும் முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால், நம் நாட்டு விமான நிலையத்திலேயே ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழையவும், அங்கிருந்து வெளியேறவும் நபி (ஸல்) அவர்கள் தடை விதித்ததை அறிந்த நமக்கு இந்த விதி புதிதன்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஆகவே பயணச்சீட்டுக்கு முன் மருத்துவரின் ஆலோசனை. ரமணாசிரமத்தை நாடி நம் திருவண்ணாமலைக்கு வரும் வெளிநாட்டவர்கள் கொசு விரட்டிக் களிம்பும் புட்டித் தண்ணீருமாக அலைவதைக் கண்டு நாம் சிரிப்பதுண்டு. அவர்கள் செய்வதே சரி.

தொழுகையிலும் பழக்கம் நம்மை ஏமாற்றும். கயானாவின் அண்டை நாடு சூரினாம். 1890 முதல் டச்சுக்காரர்கள் அங்கே கொண்டுசென்ற ஜாவா முஸ்லிம்கள், பிறந்த மண்ணில் மேற்கு நோக்கித் தொழுதவர்கள். புதிய மண்ணிலும் மேற்கையே நோக்கினர். பள்ளிவாசல்களையும் அவ்வாறே கட்டினர். கஅபா இங்கிருந்து கிழக்கே என்று பின்னர் சிலர் எடுத்துச் சொன்னபோது, மேற்கு நோக்குவோர், கிழக்கு நோக்குவோர் எனச் சமூகமே இரண்டானது. கல்வியில்லாத ஏழைகளின் அறியாமை என்று அதை நான் ஒதுக்க மாட்டேன். 'கிப்லா எது?' என்றால் நம் மதரஸாப் பிள்ளைகளும் 'மேற்கு' என்றே சொல்கிறார்கள். நாம்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

ஜார்ஜ்டவுனில் கிப்லா கிழக்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் புறப்படும் முன்பே விளக்கிவிடுங்கள். நெடும்பயணத்தின் களைப்போடு, ஃபஜ்ரு வேளையில், விரித்த முஸல்லாவின் மீது நின்று விவாதிக்க வேண்டியிருக்காது.