சுகர் எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவிடம் போனில் பேசும்போது, "சாப்பிட்டாச்சா, மழை பெய்ஞ்சுதா" என்பதற்கு அடுத்ததா நீங்க கேட்கிற கேள்வி இப்பெல்லாம் "சுகர் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். அவங்களும் ஒரு நம்பரைச் சொல்வாங்க. நூத்தி நாற்பதுன்னா ரெண்டு பக்கமும் நிம்மதி. இருநூறைத் தாண்டினா இந்தப் பக்கம் ஒரு திட்டு, அந்தப் பக்கம் ஒரு சமாளிப்பு. அதோட பேச்சு மாட்டுக்கும் மஞ்சள் விலைக்கும் போயிடும்.

அந்த ஒத்தை நம்பரை வச்சு பெருசா ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது, சில சமயம் அது ஆளைக் கவுத்தும் விட்டுடும் என்பதுதான் என் கட்சி.

எங்க கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்குன்னு யாராவது கேட்டா, எந்த நேரத்துலன்னு திருப்பிக் கேட்பேன். விடியறதுக்கு முன்னாடி எட்டிப் பார்த்தா, ராத்திரி முழுக்க ஊறின தண்ணி நிக்கும். மத்தியானம் மோட்டார் ஓடி முடிஞ்சு பார்த்தா அடிப்பாறை தெரியும். ரெண்டுமே உண்மைதான். காலையில் பார்த்த மட்டத்தை மட்டும் நம்பி ரெண்டு ஏக்கர் கூடுதலா கரும்பு ஊன்றவனை ஊர் என்ன சொல்லும்? ரத்தத்துச் சர்க்கரையும் அப்படித்தான். அது நிக்கிற தண்ணி இல்லை, ஏறி இறங்கிக்கிட்டே இருக்கிற தண்ணி.

"உழைக்கிற உடம்புக்கு ஏதுப்பா சுகர்" என்று சொன்ன காலம் போயிடுச்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் கொடுத்து நடந்த பெரிய ஆய்வு 2023ல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்கிறாங்கன்னு சொன்னது. எங்க வீதியில் பதினோரு வீடு. ஆறு வீட்டு அலமாரியில் மாத்திரை டப்பா இருக்கு. 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வாசலுக்கே வருது. நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரை வாசல் வரைக்கும் வந்த அளவுக்கு, அந்த மாத்திரை உடம்புக்குள்ளே என்ன செய்யுதுன்னு பார்க்கிற வழி வரலை.

இதை எழுத வச்சது ஒரு தலைவலி. என் தலைவலி இல்லை, எங்க பெரியப்பாவோடது.

வயசு அறுபத்தெட்டு. பன்னிரண்டு வருஷமா சர்க்கரைக்கு மாத்திரை. போன வருஷம் முழுக்க விடியக்காலம் எழுந்திருக்கும்போதே மண்டை இடி. "பித்தம்", "பனி இறங்கிருச்சு", "ராத்திரி தூக்கம் கெட்டுப்போச்சு" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். தலைக்குத் துண்டைக் கட்டிக்கிட்டு, நாட்டுச் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் காப்பி குடிப்பார். கால் மணி நேரத்தில் தலைவலி விட்டுடும். "காப்பிதான் எனக்கு மருந்து"ன்னு பெருமை வேற.

மாசம் ஒருதடவை முதல் பஸ்ஸைப் பிடிச்சு டவுனுக்குப் போய் ரத்தம் கொடுப்பார். ஒன்பது மணிக்கு ஊசி குத்துவாங்க. "வெறும் வயித்துலதானே வந்தீங்க?" "ஆமாங்க, ஒரு வாய் காப்பி மட்டும்." எங்க ஊர்ப் பக்கம் காப்பி சாப்பாட்டுக் கணக்கில் வராது. இட்லி தின்னாத்தான் சாப்பிட்டதா அர்த்தம். ரிசல்ட்டில் நூத்தித் தொண்ணூறு, இருநூறுன்னு வரும். வெறும் வயித்துக்கே இவ்வளவான்னு மாத்திரையைக் கூட்டுவாங்க. ஒரே வருஷத்தில் ரெண்டு தடவை கூட்டியாச்சு. தலைவலியும் கூடிக்கிட்டே போச்சு.

முடிச்சை அவிழ்த்தது பெரியம்மா. "தம்பி, ராத்திரி இவருக்கு வேர்த்துக் கொட்டுதப்பா. மார்கழிக் குளிர்லயும் பனியன் தெப்பமா நனையுது. தூக்கத்துல என்னமோ உளர்றாரு" என்று சொன்னாங்க. பெங்களூரில் இருக்கிற அவங்க பையன் வாங்கி அனுப்பின குளுக்கோமீட்டர் பீரோவில் கிடந்தது. கூட வந்த ஸ்ட்ரிப் தீர்ந்ததோட அதுவும் ஓய்ஞ்சு போச்சு. புதுசா ஒரு டப்பா ஸ்ட்ரிப் வாங்கிட்டு வந்தேன். ராத்திரி மூணு மணிக்கு எழுப்பிக் குத்திப் பார்த்தோம். முதல் நாள் 61. ரெண்டாம் நாள் விட்டுட்டு, அடுத்த நாள் பார்த்தப்ப 56.

எழுபதுக்குக் கீழே போனா அது லோ சுகர். ஐம்பத்து நாலுக்குக் கீழே போனா ஆபத்து. சுகர் கூடிப்போச்சுன்னு மாத்திரையை ஏத்திக்கிட்டிருந்த மனுஷனுக்கு, ராத்திரியில் சுகர் இல்லாமல் மூளை பட்டினி கிடந்திருக்கு. அதுதான் தலைவலி. காப்பியில் தலைவலியை எடுத்தது காப்பித்தூள் இல்லை, நாட்டுச் சர்க்கரை. அதே நாட்டுச் சர்க்கரைதான் ஒன்பது மணிக்கு ரத்தத்தில் ஏறி நின்னு, இன்னும் கொஞ்சம் மாத்திரை போடுன்னு சொல்லியிருக்கு.

எப்படி இறங்குச்சு? சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒரே சாதி இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவங்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் வேற வகை. கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயித்துல சோறு விழுந்ததா இல்லையான்னு அதுக்குக் கவலை கிடையாது. வயசாகிச் சிறுநீரகம் சோர்ந்துட்டா மருந்து உடம்பை விட்டுப் போக இன்னும் நேரமாகும்.

பெரியப்பா ராத்திரி ஏழரைக்கு மாத்திரையைப் போட்டுக்குவார், "சாப்பாட்டுக்கு முன்னாடி"ன்னு சொல்லியிருக்காங்களே. அந்த நேரம் பார்த்து மும்முனை கரன்ட் வரும். டார்ச்சை எடுத்துக்கிட்டுத் தண்ணி கட்டப் போயிடுவார். மடை மாத்தி மாத்தித் திரும்ப வரும்போது பத்தரை ஆகும். அலுப்புல ஒரு சொம்பு மோரைக் குடிச்சிட்டுப் படுத்துடுவார். பகல் முழுக்க வரப்பு வெட்டின உடம்பு வேற. கடுமையான உழைப்புக்குப் பிறகு பல மணி நேரம் வரைக்கும் சுகர் இறங்கலாம். எட்டு மணிக்கு டைனிங் டேபிளில் உட்கார்கிறவங்களை நினைச்சு எழுதின சீட்டு, கரன்ட்டுக்குக் காத்துக் கிடக்கிற விவசாயிக்குப் பொருந்தலை. டாக்டருக்கு இது தெரிய வழியில்லை, நாலு நிமிஷத்தில் அடுத்த டோக்கன். பெரியப்பாவும் சொல்லலை, கரன்ட் எப்ப வருதுங்கறது வைத்தியத்துக்குச் சம்பந்தப்பட்ட சமாச்சாரம்னு அவருக்கு எப்படித் தெரியும்?

மாத்திரையை நாங்களாகக் குறைக்கலை. ஒரு நோட்டில் தேதி, நேரம், நம்பர், எப்ப மாத்திரை, எப்ப சாப்பாடு எல்லாம் எழுதி டாக்டரிடம் காட்டினோம். அதைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இதை முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே." ராத்திரி மாத்திரையை மாத்திக் கொடுத்தார். தட்டுல சோறு விழாமல் மாத்திரை போடக்கூடாதுன்னு கண்டிச்சார். பத்து நாளில் தலைவலி நின்னுடுச்சு.

இதைப் படிச்சிட்டு, காலையில் தலை வலிச்சா லோ சுகர்தான்னு முடிவு கட்டிடாதீங்க. காலையில் சுகர் கூடி நிக்கிறதுதான் நிறையப் பேருக்கு நடக்கிறது. அதுக்கும் காரணம் இருக்கு. கல்லீரலை ஒரு குதிர் மாதிரி நினைச்சுக்குங்க. விடியறதுக்கு முன்னாடி, நாம எழுந்து வேலை செய்யணுமேன்னு கார்டிசால் மாதிரி ஹார்மோன்கள் குதிரைத் திறந்து சர்க்கரையை அள்ளி விடும். நல்ல உடம்பில் இன்சுலின் அதைச் சமாளிச்சிடும். சர்க்கரை நோய் உள்ளவங்க உடம்பில் அது தேங்கி நிக்கும். ராத்திரி ஒண்ணுமே தின்னலைங்க, காலையில் 180ன்னு சொல்கிறவங்க பொய் சொல்லலை. சுகர் கூடினாலும் தலை வலிக்கும். ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போய் உடம்பு வறண்டாலும் வலிக்கும். ரத்தக் கொதிப்பு இருக்கலாம். பலமாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்னு நின்னு வருகிறவங்களுக்கும் காலையில் தலை கனக்கும். முந்தின நாள் முகத்தை மூடாமல் மருந்து அடிச்சவனுக்கும் வலிக்கும்.

ஆக, தலைவலி ஒண்ணு, காரணம் ஏழெட்டு. வைத்தியமும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். ஒண்ணுக்கு மாத்திரையைக் கூட்டணும், இன்னொண்ணுக்குக் குறைக்கணும். குத்திப் பார்க்காமல் ஊகத்தில் செஞ்சா என்ன ஆகும்? அதனாலதான் நேரம் பார்த்து அளக்கணும்னு சொல்றேன்.

மூணு மாசச் சராசரி டெஸ்ட் இருக்கேன்னு கேட்பீங்க. ஹெச்பிஏ1சி அவசியம்தான். ஆனா சராசரி மழையை வச்சு வெள்ளாமை செய்ய முடியுமா? ஐப்பசியில் கொட்டித் தீர்த்துட்டு மார்கழியில் பொய்ச்சாலும் சராசரி நல்லாத்தான் இருக்கும். பகலில் 250, ராத்திரியில் 60ன்னு ஆடுகிற ஆளுக்கும் சராசரி அழகாகவே வரும். ரத்தசோகை உள்ளவங்களுக்கு அந்த நம்பரே முன்னே பின்னே ஆகும். எங்க ஊர்ப் பொம்பளைங்கள்ல ரத்தசோகை இல்லாதவங்களைத் தேடணும்.

அதுக்காகத் தினமும் பத்துத் தடவை குத்தச் சொல்லலை. டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு முந்தின வாரத்தில் மூணு நாள் போதும். எழுந்ததும் ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, சாயங்காலச் சோத்துக்கு முன்னாடி ஒண்ணு. காலையில் தலைவலி, ராத்திரி வேர்வை, கெட்ட கனவுன்னு சொல்கிறவங்களுக்கு மூணு மணிக்கும் ஒண்ணு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சிட்டுக் குத்தணும். மாம்பழம் நறுக்கின கையோட, வெல்லம் தொட்ட கையோட குத்தினா மீட்டர் வெல்லத்தையும் சேர்த்து எண்ணும். மம்பட்டி பிடிச்சுக் காய்ச்ச விரலில் நடுவில் குத்தினா ரத்தம் வராது. வெதுவெதுப்பான தண்ணியில் கழுவிட்டு விரலோட ஓரத்தில் குத்தணும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடக்கூடாது, வண்டிப் பெட்டியில் வெயிலில் வைக்கவும் கூடாது. மீட்டரே பதினைஞ்சு சதவீதம் முன்னே பின்னே காட்டலாம். நேத்து 140, இன்னைக்கு 150ன்னு சண்டை போட வேண்டாம்.

இறங்கிப்போனா, நினைவு இருக்கும்போதே மூணு நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கலந்து குடிக்கணும். பதினைஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் பார்க்கணும். நினைவு இல்லாதவங்க வாயில் எதையும் ஊத்தாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

இப்ப நகரத்தில் இருக்கிற உங்களுக்கு வர்றேன். மீட்டரை ஆன்லைனில் வாங்கி அனுப்பிட்டாக் கடமை முடிஞ்சுதுன்னு நிறையப் பேர் நினைக்கிறீங்க. மீட்டர் மோட்டார் மாதிரி, ஸ்ட்ரிப்தான் கரன்ட். எங்க மருந்துக்கடையில் இருபத்தஞ்சு ஸ்ட்ரிப் ஒரு ஆள் கூலிக்குக் கிட்டத்தில் வருது. வெங்காயம் கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போற மாசத்தில் உங்கப்பா அதை வாங்க மாட்டார், உங்ககிட்டக் கேட்கவும் மாட்டார். நீங்களாகத்தான் அனுப்பணும்.

போனில் கேள்வியையும் மாத்துங்க. "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, மாத்திரை அதுக்கு முன்னாடியா பின்னாடியா, எழுந்தப்ப தலை வலிச்சுதா, பனியன் நனைஞ்சிருந்துதா?" அப்பாகிட்டக் கேட்டா "அதெல்லாம் நல்லா இருக்கேன்"ன்னு சொல்லிடுவார். அம்மாகிட்டக் கேளுங்க.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. இன்சுலின் போடுகிறவங்களுக்கும், சுகரை இறக்கி விடக்கூடிய மாத்திரை சாப்பிடுகிறவங்களுக்கும், மாசத்துக்குப் பத்து ஸ்ட்ரிப்பாவது மாத்திரையோட சேர்த்துக் கொடுக்கணும். மாத்திரை கொண்டு வர்ற பொண்ணு "வேர்வை வருதா, தலை வலிக்குதா, எப்ப சாப்பிடறீங்க"ன்னு மூணு கேள்வி கேட்டு எழுதிக்கிட்டுப் போகணும். தலைவலி வரைக்கும் வந்த எங்க பெரியப்பா அதிர்ஷ்டக்காரர். ராத்திரி ஒத்தையில் தண்ணி கட்டப் போகிற மனுஷனுக்குக் கிணத்து மேட்டில் கண்ணு இருட்டிக்கிட்டு வந்தா, அதை எல்லாரும் "கால் வழுக்கிடுச்சு"ன்னுதான் எழுதுவாங்க.